தோண்டுவதா, மூடுவதா, பதிவதா? களப்புச் சேற்றில் புதைந்த பழைய மீன்பொறிகளை முன்வைத்து ஓர் ஒப்பீடு

கொழும்புக்கு அண்மையிலுள்ள கழிமுகங்களிலும் களப்புகளிலும் மனிதர் மீன்பொறி நாட்டத் தொடங்கி எத்தனையோ தலைமுறைகள் கடந்துவிட்டன. நீர்கொழும்பில் இன்றும் வாய்க்காலுக்குக் குறுக்கே கட்டை நாட்டி வலை கட்டுகிறார்கள். கண்டல் கிளைகளைக் குவித்து அதற்குள் மீனைச் சேரவிடுகிறார்கள். யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் களங்கண்ணியும் சிறகுவலையும் இதே முறையின் உறவுகள்தாம். ஒரே நீரில், ஒரே தேவைக்காக, திரும்பத் திரும்ப நாட்டப்பட்ட கட்டைகளின் அடிப்பகுதிகள் சேற்றுக்குள் தங்கியிருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமானது. அவற்றைத் தேடிப் போகும் ஆர்வம் கொழும்பிலுள்ள வரலாற்று ஆசிரியர்களுக்கோ, பல்கலைக்கழக மாணவர்களுக்கோ, ஊர் வரலாறு எழுத விரும்பும் ஒரு சிறு குழுவுக்கோ வந்தால், கையிலிருக்கும் சிறிய பணத்தையும் நேரத்தையும் எதில் செலவிடுவது என்ற கேள்வி முதலில் எழும். உலகில் இத்தகைய எச்சங்களைக் கண்டவர்கள் மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்திருக்கிறார்கள். மரத்தைத் தோண்டி எடுத்துப் பதப்படுத்துவது ஒரு வழி. கிடந்த இடத்திலேயே மூடிப் பாதுகாப்பது இன்னொன்று. நுணுக்கமாகப் பதிவுசெய்துவிட்டு மரத்தை அதன் போக்கில் விடுவது மூன்றாவது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம்முடைய நீருக்கும் நம்முடைய வசதிக்கும் மூன்றாவது வழியே பொருந்தும். அதிலும் மரத்தைப் பதிவதற்கு முன் மனிதரைப் பதிய வேண்டும்.

இந்த முடிவுக்கு முதற்காரணம் வற்றுப்பெருக்கு. மீன்பொறித் தொல்லியல் என்ற துறை வளர்ந்த இடங்களைப் பார்த்தால், அவை பெரும்பாலும் கடல் மிக ஆழமாக வற்றும் இடங்களாகவே இருக்கின்றன. இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் இடையிலுள்ள செவர்ன் கழிமுகத்தில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வேறுபாடு 14 மீட்டர் வரை போகும். எசெக்ஸ் கரையிலுள்ள பிளாக்வாட்டர் கழிமுகத்திலும் நீர் வற்றினால் பரந்த சேற்றுவெளி தலைகாட்டும். அங்கேதான் ஆங்கிலோ சாக்சன் காலத்து, அதாவது கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 9ஆம் நூற்றாண்டு வரையிலான, ஆங்கில வி எழுத்து வடிவிலான பெரும் மரப்பொறிகள் வரிசை வரிசையாக வெளிப்பட்டன. வடஅயர்லாந்தின் ஸ்ட்ராங்ஃபோர்ட் நீரேரியில் கல்லாலும் மரத்தாலும் ஆன இடைக்காலப் பொறிகள் உள்ளன. கனடாவின் மேற்குக் கரையிலுள்ள கோமாக்ஸ் துறையில் ஒன்றரை இலட்சம் முதல் இரண்டு இலட்சம் வரையான முளைகள், அதாவது நாட்டிய கூர்க்கட்டைகள், சேற்றில் நிற்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். இங்கெல்லாம் ஆய்வாளர் வற்று நேரத்தில் காலணியோடு இறங்கி, சில மணி நேரம் அளந்து, பெருக்கு வருமுன் கரையேறிவிடலாம். கொழும்புக் கரையிலோ வற்றுப்பெருக்கு வேறுபாடு அமாவாசை, பௌர்ணமி நாள்களில்கூட ஒரு மீட்டரை எட்டுவதில்லை. ஒடுங்கிய வாய் வழியாக உள்ளே வரும் களப்பு நீரில் அந்த வேறுபாடு இன்னும் சுருங்கிவிடும். ஆகவே நம் களப்பில் கட்டைகள் தாமாக வெளிப்பட்டுக் காட்சி தரமாட்டா. எப்போதும் முழங்கால் அல்லது இடுப்பளவு கலங்கிய நீருக்கு அடியிலேயே இருக்கும். ஐரோப்பிய வேலைமுறையை அப்படியே எடுத்துவந்து இங்கே பொருத்திப் பார்ப்பவர்கள் முதல் நாளிலேயே ஏமாறுவார்கள்.

தோண்டி எடுத்தலுக்கு ஆதரவான வாதத்தைச் சரியாக எடைபோட, இங்கிலாந்தின் நோர்ஃபோக் கரையில் ஹோம் என்ற ஊருக்கு அருகில் 1998இல் வெளிப்பட்ட மரவட்டத்தைப் பார்க்கலாம். அது மீன்பொறி அன்று, சடங்கு சார்ந்த அமைப்பு என்றே கருதப்படுகிறது. ஆனால் கடலோரச் சேற்றில் நீர் ஊறிக் கிடந்த மரம் என்ற வகையில் சிக்கல் ஒன்றேதான். 55 ஓக் மரத் தண்டுகளும் நடுவே தலைகீழாகப் புதைத்த ஒரு பெரிய அடிமரமும் அங்கே இருந்தன. 1999இல் எதிர்ப்புகளுக்கு நடுவே அனைத்தையும் எடுத்தார்கள். மரத்தின் ஆண்டு வளர்ச்சி வளையங்களைக் கொண்டு, அந்த மரங்கள் கி.மு. 2049ஆம் ஆண்டின் வசந்த காலத்திலோ கோடைத் தொடக்கத்திலோ வெட்டப்பட்டவை என்று கண்டறிந்தார்கள். பின்னர் பொலிஎத்திலீன் கிளைக்கோல் என்ற மெழுகு போன்ற பொருளில் ஊறவைத்து, நீரை மெல்ல வெளியேற்றிப் பதப்படுத்தி, 2008இல் கிங்ஸ் லின் நகர அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். எடுத்ததற்கும் வைத்ததற்கும் இடையே ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள். அதே கடற்கரையில் சிறிது தொலைவில் இன்னொரு மரவட்டமும் தெரிந்தது. அதை எடுக்காமல் விட்டுவிட்டு, கடல் அதை அரிப்பதைக் கண்காணித்தார்கள். பிற்பாடு அதன் மரங்களும் கி.மு. 2049இல் வெட்டப்பட்டவையே என்று தெரிந்தது. ஒரே ஆண்டில் வெட்டிய மரங்கள், ஒரே கரை, இரு வேறு முடிவுகள். மரத்தை எடுக்காமலே அதன் காலத்தை நாளடைவில் அறிய முடிந்தது என்பதையும், எடுத்த மரத்தைக் காப்பதற்கு ஓர் ஆய்வகமும் ஒரு பத்தாண்டுப் பொறுமையும் தேவைப்பட்டன என்பதையும் இந்த இணை நமக்குக் காட்டுகிறது.

நம் நாட்டில் அத்தகைய ஆய்வகம் இருந்ததில்லையா என்றால், இருந்தது. காலித் துறைமுகத்தில் 1659இல் மூழ்கிய ஒல்லாந்தர் கப்பலான அவொன்ட்ஸ்டரை அகழ்ந்தபோது, மத்திய கலாசார நிதியத்தின் கீழ் கடல்சார் தொல்லியற் பிரிவொன்று காலியில் உருவானது. பதப்படுத்தும் கூடமும் அங்கே அமைந்தது. 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை அந்தக் கட்டடத்தைச் சிதைத்தது. பதப்படுத்தலில் இருந்த பொருள்களில் பல அழிந்தன. அங்கே உழைத்தவர்கள் மீண்டும் தொடங்கினார்கள், அது பெரிய செயல். ஆனாலும் ஒரு கப்பலின் எச்சங்களுக்கே இத்தனை இடர் என்றால், கையளவு தடிமனுள்ள நூற்றுக்கணக்கான முளைகளை எடுத்துவந்து யார் தொட்டியில் எத்தனை ஆண்டு வைப்பது? நீர் ஊறிய மரத்தை வெயிலில் வைத்தால் சில நாள்களிலேயே வெடித்துச் சுருங்கிப்போகும். பதப்படுத்த வழியில்லாதவர்கள் எடுப்பது மரத்தைக் காப்பது ஆகாது. சட்டமும் குறுக்கே நிற்கிறது: 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி, தொல்பொருள் திணைக்களப் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருள் தேடி அகழக் கூடாது. ஆர்வக்குழு ஒன்று மண்வெட்டியோடு களப்பில் இறங்குவது குற்றமாகும்.

இருந்த இடத்திலேயே மூடிப் பாதுகாத்தல் என்ற இரண்டாவது வழிக்கு உலக அளவில் மதிப்பு அதிகம். நீருக்கடிப் பண்பாட்டு மரபு பற்றிய யுனெஸ்கோவின் 2001ஆம் ஆண்டு உடன்படிக்கை, குறைந்தது 100 ஆண்டுகள் நீருக்கடியில் இருந்தவற்றுக்கு, இருந்த இடத்திலேயே பாதுகாப்பதை முதல் தெரிவாகக் கருத வேண்டும் என்கிறது. மணல் மூட்டைகளையோ, நீரை விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும் துணி விரிப்பையோ இட்டு, காற்றுப் புகாத சேற்றுச் சூழலை மீண்டும் உருவாக்குவதே இதன் நுட்பம். மரத்தை அழிப்பவை காற்றும், அதில் வாழும் பூஞ்சைகளும், உப்புநீரில் மரத்தைத் துளைக்கும் கப்பற்புழுவுமே. சேற்றுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை நம் வெப்பநீரில் புழு மிக விரைவில் சல்லடையாக்கிவிடும். நீர்கொழும்பில் கிளைக்குவியல் வைப்பவர்கள் அடிக்கடி புதிய கிளை சேர்ப்பது இதனாலும்தான். சேற்றுக்குள் ஆழமாகப் போன நுனி மட்டும் நூற்றாண்டுகள் தாங்கும். இயற்கை ஏற்கெனவே மூடிவைத்திருக்கும் அந்த நுனிக்கு மேல் நாம் மூட்டை அடுக்குவதால் பெரிய பயன் இல்லை. மூட்டையைச் சுற்றி நீரோட்டம் சுழன்று, பக்கத்துச் சேற்றை அரித்துப் புதைந்திருந்ததையே வெளிப்படுத்திவிடவும் கூடும். அதற்கும் மேலாக, களப்பு மீனவரின் உழைப்புக்களம். இறால் வரும் வாய்க்காலில் மணல் மூட்டை போடுகிறோம் என்று போய் நிற்பவருக்கு என்ன பதில் கிடைக்கும் என்பதை அந்தத் தொழிலைக் கொஞ்சம் அறிந்தவர் எவரும் ஊகிப்பார். இந்த வழியை ஒரேயொரு சூழலில் ஏற்கலாம்: அரிப்பால் புதிதாக ஒரு பொறி வெளிப்பட்டு, அதைப் பதிவதற்குச் சில மாத அவகாசம் தேவைப்பட்டால், தற்காலிக மூடுகையாக.

இனிப் பதிவு. பதிவு என்றதும் இது ஏதோ கைவிடப்பட்டவர்களின் மூன்றாந்தர வழி என்ற எண்ணம் பலருக்கு வருகிறது. மீன்பொறி என்றால் உண்மையில் என்ன என்று யோசித்தால் அந்த எண்ணம் மாறும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1913இல் சுரங்க இரயில்பாதை தோண்டியபோது பொய்ல்ஸ்டன் தெருவுக்கு அடியில் மரமுளைகள் வெளிப்பட்டன. 1939இல் ஒரு பெரிய கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டியபோது மேலும் வெளிப்பட்டன. மொத்தம் 65,000 முளைகள் வரை இருக்கலாம் என்று அன்று மதிப்பிட்டார்கள்; ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன் பெருங்கூட்டம் ஒன்று ஒன்றுதிரண்டு கட்டிய பிரமாண்டமான ஒற்றைப் பொறி என்றும் கருதினார்கள். பின்னாளில் முளைகளை மீண்டும் ஆராய்ந்தபோது வேறு கதை தெரியவந்தது. அது ஒற்றைப் பொறி அன்று. ஏறத்தாழ 1,500 ஆண்டுக் காலத்தில், சிறு குடும்பக் குழுக்கள் மீன் கரைக்கு வரும் பருவத்தில் கட்டிய சிறு சிறு பொறிகள். ஒன்று பழுதானதும் அருகிலேயே இன்னொன்று. ஆண்டுதோறும் நடந்த எளிய உழைப்பின் படிவுதான் நமக்குப் பேரமைப்பாகத் தோன்றியிருக்கிறது. இந்தத் திருத்தத்தை நான் மிகவும் பொருட்படுத்துகிறேன். கோயிலைப் போல ஒருமுறை கட்டி முடித்து நிற்கும் பொருளன்று மீன்பொறி. அது ஒரு சுழற்சி: மரம் வளர்த்தல், வெட்டுதல், கூராக்குதல், நாட்டுதல், பின்னுதல், பழுதுபார்த்தல், பிடுங்குதல், மறுபடி நாட்டுதல். ஒரு முளையை அருங்காட்சியகத்தில் நிறுத்தினால் அந்தச் சுழற்சியின் ஒரு கணம் மட்டுமே கிடைக்கும். சுழற்சியை அறிந்தவர்கள் நீர்கொழும்பிலும் சிலாபத்திலும் இன்னும் உயிரோடு தொழில் செய்கிறார்கள். பாஸ்டனின் ஆய்வாளருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

நீர்கொழும்பின் கிளைக்குவியல் முறையை எடுத்துக்கொள்வோம். கண்டல் கிளைகளை வட்டமாக நெருக்கி நாட்டிச் சில வாரங்கள் விட்டால், கிளைகளில் பாசி படர்ந்து, நிழலும் தீனியும் தேடி மீன் உள்ளே வந்து குடியேறும். பிறகு சுற்றிலும் வலையை வளைத்து, கிளைகளை அகற்றி, மீனை அள்ளுவார்கள். இதற்காகவே கண்டலை நட்டு வளர்த்து, முறைவைத்து வெட்டும் வழக்கமும் அங்கே உண்டு. ஐரோப்பாவில் பொறிகளுக்காக ஹேசல் மரத்தை அடியோடு வெட்டித் துளிர்க்கவிட்டு, ஒரே தடிமனுள்ள நேரான கழிகளைத் திரும்பத் திரும்ப அறுவடை செய்ததை முளைகளின் வளையங்களிலிருந்து ஊகித்தறிகிறார்கள். இங்கே அதே அறிவை வளர்ப்பவரிடமே கேட்டுப் பெறலாம். களப்பு வாயிலில் நாட்டும் கட்டைவலையோ இன்னும் செறிவானது. இரவில் நீர் கடலை நோக்கி வடியும்போது அதனோடு வெளியேறும் இறாலை மறித்துப் பிடிக்கும் அந்தத் தொழிலுக்கான உரிமை, சில கடற்றொழிலாளர் சங்கங்களின் குடும்பங்களுக்குத் தலைமுறையாக வருகிறது. எந்த இரவில் யாருக்கு எந்த இடம் என்பதைத் திருவுளச்சீட்டுப் போட்டுப் பிரிக்கிறார்கள். இந்த ஒழுங்கு சேற்றில் எந்தத் தடயத்தையும் விடாது. ஒரே இடத்தில் நாட்டப்பட்ட கட்டைகளைக் கண்ட எதிர்கால ஆய்வாளர் அது ஒரே உரிமையாளருடையது என்று எழுதிவிடுவார். உண்மையில் அந்த இடம் பலர் கைமாறியது என்பதை ஆளைக் கேட்டவர் மட்டுமே அறிவார்.

தமிழர்களுக்கு இதில் தனியொரு பொறுப்பும் உண்டு என்று கருதுகிறேன். நீர்கொழும்புக் கரையோர மீனவர் குடும்பங்களில் தமிழும் சிங்களமும் கலந்து வழங்கிவந்தன. அங்கே மீனவரிடையே வழங்கும் தமிழ் மொழியியலாளர்களே தனித்துக் கவனித்த வழக்கு. சிலாபத்துக்கு வடக்கே, முந்தல் களப்பை ஒட்டிய உடப்பு இன்றும் தமிழ் பேசும் மீனவர் ஊர். கொழும்பிலிருந்து போகும் தமிழ்க் குழு அங்கே மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் உட்கார்ந்து கேட்கலாம். “ஐயா, உங்கள் தகப்பனார் காலத்தில் கட்டை நாட்டிய வரிசை எது?” என்று கேட்பதைவிட, “எந்த இடத்தில் வலை அடிக்கடி கிழியும்?” என்று கேட்பது பயன்தரும். வலை கிழியும் இடங்களை எந்த மீனவரும் மறப்பதில்லை. பழங்கட்டையின் அடி அங்கே நிற்க வாய்ப்பு அதிகம். தென்கரையில் கொடவாய அருகே கடலடியில் கிடந்த, ஈராயிரம் ஆண்டுப் பழமையான கப்பற்சிதைவை முதலில் கண்டவர்களும் கடலில் இறங்கித் தொழில் செய்தவர்களே.

கருவிகளுக்கு இடையிலான தெரிவைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் நம் நீர் பல கருவிகளைத் தானே விலக்கிவிடுகிறது. ட்ரோன் மலிவானது, அழகான படமும் தரும். ஆனால் நீர்கொழும்புக் களப்பின் கிழக்குக் கரையை ஒட்டியே கட்டுநாயக்க விமான நிலையம் இருக்கிறது. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியில்லாமல் அங்கே ட்ரோன் பறக்கவிட எண்ணவே கூடாது. முந்தல் பக்கம் அந்தத் தடை குறைவு, கலங்கல் மட்டும் தொல்லை. படகிலிருந்து ஒலியலை அனுப்பி அடித்தளத்தைப் படமெடுக்கும் பொறி ஆழமான துறைமுகங்களுக்கு ஏற்றது. ஒன்றிரண்டு மீட்டர் ஆழத்தில் அதற்குப் போதிய இடம் இல்லை. சேற்றின் உள்ளே பார்க்கும் ஒலிப்பொறியையும் அழுகிய தாவரத்திலிருந்து எழும் வாயு மறைத்துவிடும். வேல்சின் டெய்வி கழிமுகத்தில் 260 மீட்டருக்கு மேல் நீண்ட கற்பொறி ஒன்றை 2009 வாக்கில் கூகிள் எர்த் படங்களில் கண்டுபிடித்தார்கள் என்ற செய்தியைப் படித்துவிட்டுப் பலர் நம் கரையையும் அப்படித் தேடுகிறார்கள். தேடலாம், செலவில்லை. அதைவிட நல்ல மூலம் கொழும்பிலேயே இருக்கிறது: நாடு முழுவதையும் 1956இல் எடுத்த வான்படங்கள். அவற்றின் அளவு 1:40,000. அதாவது 100 மீட்டர் நீளமுள்ள கட்டைவரிசை படத்தில் இரண்டரை மில்லிமீட்டராகத் தெரியும். பெரிதாக்கிப் பார்த்தால் வரிசையை அறியலாம், தனிக்கட்டையை அறிய முடியாது. நைலோன் வலையும் இயந்திரப் படகும் களப்பின் முகத்தை மாற்றுவதற்கு முன்னுள்ள நிலையை அவை காட்டுவதால், அவற்றுக்கு நிகர் வேறில்லை. நில அளவைத் திணைக்களத்தில் படங்களைக் கேட்டுப் பெறுவதும், தேசிய சுவடிகள் கூடத்தில் ஒல்லாந்தர் கால வரைபடங்களையும் மீன்பிடிக் குத்தகை ஆவணங்களையும் தேடுவதும், களப்பில் கால் வைக்குமுன் முடிக்க வேண்டிய வேலைகள்.

நீரில் இறங்கிய பின் தேவைப்படுவன ஒரு தட்டைப் படகு, அளவு நாடா, சேற்றைக் குத்திப் பார்க்க நீண்ட மெல்லிய இரும்புக் கம்பி, ஜி.பி.எஸ். உள்ள கைப்பேசி, பொறுமை. கைப்பேசியின் ஜி.பி.எஸ். சில மீட்டர் பிசகும். ஆகவே கரையில் அசையாத இரண்டு புள்ளிகளை வைத்துக்கொண்டு அவற்றிலிருந்து நாடாவால் அளப்பதே நம்பகமானது. ஒவ்வொரு கட்டைக்கும் விட்டம், அடுத்த கட்டைக்கான தூரம், எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பன எழுதப்பட வேண்டும். சாய்வு முக்கியம். நீரோட்டத்தின் அழுத்தம் பெரும்பாலும் ஒரே பக்கமாகத் தள்ளுவதால், பொறி எந்த ஓட்டத்தை மறித்து நின்றது என்பதைச் சாய்வு சொல்லிவிடும். வடியும் நீரில் திரும்பும் மீனைப் பிடிக்கும் பொறியின் வாய் ஒரு பக்கம் நோக்கும். ஏறும் நீரோடு வரும் மீனுக்கான வாய் மறுபக்கம் நோக்கும்.

ஒரு முளையையேனும் முழுதாகப் பார்க்க அனுமதி கிடைத்தால், பார்க்க வேண்டியது அதன் நுனியைத்தான். மேற்பகுதியைப் புழு தின்றிருக்கும், பார்த்துப் பயனில்லை. சேற்றிலிருந்து மெல்ல வெளிவரும் நுனி, கழுவியதும், நேற்று வெட்டியதைப் போல நிறம் மாறாமல் இருக்கலாம். காற்றுப் பட்டதும் கண்முன்னே கறுக்கத் தொடங்கும். பென்சில் சீவியது போன்ற அந்தக் கூரில் வெட்டுமுகங்கள் எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம், தட்டையா, குழிவா என்று எண்ண வேண்டும். இரும்புக் கோடரியோ கத்தியோ நீண்ட, தட்டையான, வழுவழுப்பான முகத்தை விடும். கற்கோடரி குட்டையான, சற்றுக் குழிந்த, நார் பிய்ந்த முகங்களையே விடும். கத்தியின் வாயில் ஒரு சிறு முறிவு இருந்தால், அது ஒவ்வொரு வெட்டிலும் மெல்லிய மேடாகப் பதிந்துவிடும். இரண்டு முளைகளில் அதே மேடு அதே இடைவெளியில் இருந்தால், அவை இரண்டும் ஒரே கத்தியால், பெரும்பாலும் ஒரே மனிதரால், ஒரே பருவத்தில் சீவப்பட்டவை. பட்டை ஒட்டியிருந்தால் அதற்கு உட்புறத்தில் கடைசியாக வளர்ந்த அடுக்கைப் பார்த்து, வெட்டிய காலத்தை ஊகிக்க முயலலாம். நம் வெப்பமண்டல மரங்கள் பல ஆண்டுக்கு ஒன்று என ஒழுங்காக வளையமிடுவதில்லை என்பதால், ஐரோப்பாவில் கிடைக்கும் துல்லியத்தை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். இத்தனையையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம்பிடித்து, தாளில் வரைந்து, மரவகை அறிய நகக்கண்ணளவு துண்டு எடுத்துவிட்டு, நுனியை அதே குழியில் திரும்பச் செருகிவிடலாம்.

காலக்கணிப்பைப் பற்றிப் பேசாமல் இந்த ஒப்பீடு முழுமை பெறாது, ஏனெனில் பணம் வந்தவுடன் எல்லோரும் முதலில் நாடுவது, மரத்தில் எஞ்சியுள்ள கதிரியக்கக் காபனை அளந்து வயதைக் கணிக்கும் காபன் காலக்கணிப்பையே. என் ஆலோசனை: முதற்பணத்தை அதில் இடாதீர்கள். நம் சட்டம் தொல்பொருளுக்கு வைத்திருக்கும் எல்லை 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான நாள். அதற்கு முற்பட்டதா என்பதே பாதுகாப்பைத் தீர்மானிக்கும் கேள்வி. காபன் முறையோ ஏறத்தாழ 1650 முதல் 1950 வரையான காலத்தில் மிகவும் தடுமாறும். வளிமண்டலக் காபனின் அளவு அந்த நூற்றாண்டுகளில் ஏறியிறங்கியதால், ஒரே அளவீட்டுக்கு 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, 18ஆம் நூற்றாண்டின் இறுதி, 19ஆம் நூற்றாண்டு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் எனப் பல விடைகள் ஒருங்கே பொருந்தும். நீர்கொழும்பில் கிடைக்கக்கூடிய கட்டைகளில் பெரும்பாலானவை அந்த இடைவெளியிலேயே விழும் என்பது என் எதிர்பார்ப்பு. அப்படியானால் சட்டம் கேட்கும் கேள்விக்கு ஆய்வகம் விடை தராது. பல வளையங்களை வரிசையாகச் சோதித்து இந்தக் குழப்பத்தைக் குறைக்கும் முறை உண்டு. அதற்கு வளையங்கள் நிறைந்த தடித்த மரம் வேண்டும், பொறிமுளையோ சில ஆண்டுகளே வளர்ந்த கழி. ஆவணமும் வரைபடமும் மனித நினைவும் இந்த 300 ஆண்டுகளைப் பற்றிக் காபனைவிடத் தெளிவாகப் பேசும். 1650க்கு முற்பட்டது என்று நம்ப வேறு காரணம் இருந்தால், எடுத்துக்காட்டாக ஆழத்தில் வேறு மண்படையில் முளை நின்றால், அப்போது காபன் சோதனை செய்வது தகும். சோதனைக்கு மரத்தையே கொடுக்க வேண்டும், அருகில் கிடந்த சிப்பியைக் கொடுக்கக் கூடாது. கடல்நீரின் பழைய காபனைச் சிப்பி உள்வாங்கியிருப்பதால் அது உண்மையைவிட மூத்த வயதைக் காட்டும்.

மிகப் பழைய பொறிகளைத் தேடுவோருக்கு ஒரு குறிப்பு. நம் தீவில் ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரான காலத்தை ஒட்டிக் கடல்மட்டம் இன்றைவிடச் சற்று உயர்ந்திருந்தது. தென்கரையில் கடலிலிருந்து உள்ளே தள்ளிக் கிடக்கும் சிப்பிப் படுகைகள் அதற்குச் சான்று. ஆகவே அக்காலப் பொறி ஏதேனும் தப்பியிருந்தால், அது இன்றைய களப்பு நீருக்கு அடியில் இருப்பதைவிட, நீர்கொழும்புக் களப்புக்குத் தெற்கேயுள்ள முத்துராஜவல போன்ற சதுப்பின் உள்ளோரக் கரிமண்ணுக்குள் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதிலிருந்துதான் என் முடிவுக்கு ஒரேயொரு விலக்கு எழுகிறது. டப்ளின் நகரின் ஸ்பென்சர் துறைமேடைப் பகுதியில், நகரக் கட்டுமானத்துக்காகத் தோண்டியபோது பழைய கரையோரப் படிவில் ஏறத்தாழ 8,000 ஆண்டுப் பழமையான, ஹேசல் கழிகளால் பின்னிய மீன்பொறிகள் கிடைத்தன. இடமே கட்டடமாகப் போகிறது என்னும்போது “பதிவுசெய்து விட்டுவிடுவோம்” என்பது பொருளற்றது. அங்கே முறையாக அகழ்ந்து எடுப்பதே சரியான முடிவு. கொழும்பின் வடக்கே கால்வாய் வெட்டுதல், சதுப்பு நிரப்புதல், நெடுஞ்சாலைத் தூண் இறக்குதல் போன்ற வேலைகள் நடக்கும் இடங்களில், தோண்டிய மண்ணில் ஒரே அளவான கூர்முளைகள் வரிசையாகத் தெரிந்தால், அவற்றை ஈரத்துணியால் மூடி, தொல்பொருள் திணைக்களத்துக்கு அன்றே அறிவித்து, முறையான அகழ்வைக் கோர வேண்டும். அங்கே காத்திருப்பதற்கு நேரம் இல்லை.

எந்தக் களப்பில் தொடங்குவது என்பதிலும் எனக்குத் தெளிவான சாய்வு உண்டு. களனி கங்கை கடலோடு சேரும் முகத்துவாரம், மட்டக்குளிப் பகுதி வீட்டுக்கு அருகில் இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு ஆதரவாகச் சொல்ல அதிகம் இல்லை. வெள்ளமும் மணல் அகழ்வும் அடித்தளத்தை ஓயாமல் புரட்டியிருக்கின்றன. பொல்கொட வாவி அமைதியானது, ஆனால் கேட்டறியக்கூடிய கட்டைத்தொழில் நீர்கொழும்பைப் போல அங்கே செறிவாக இல்லை. நீர்கொழும்பில் உயிருள்ள தொழிலும் ஆவணங்களும் ஒருங்கே கிடைக்கின்றன. அங்கே சங்கங்களின் பெரியவர்களோடு முதல் ஆண்டைக் கழித்துவிட்டு, மழை குறைந்து நீர் ஓரளவு தெளியும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் கம்பியும் நாடாவுமாக நீரில் இறங்கலாம். இரண்டாம் ஆண்டில் முந்தலுக்கும் உடப்புக்கும் போகலாம். எழுதியவை தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும். ஒரு பிரதி தேசிய சுவடிகள் கூடத்துக்கும், ஒரு பிரதி தொல்பொருள் திணைக்களத்துக்கும், இன்னொன்று தகவல் தந்த சங்கத்தின் அலுவலகத்துக்கும் போக வேண்டும். கட்டைகளின் துல்லிய இடக்குறிப்பை மட்டும் பொதுவெளியில் இடாமல், அந்த மூன்று பிரதிகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.